பன்னிரண்டு பேர், ஒரு தலைநகரம்

சேர்ந்து போகலாம் – 6: ஹம்பி

இன்று ஹம்பி என்று சொல்லும் விஜயநகரத்துக்கு 1520 வாக்கில் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ் ஒரு குன்றின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்தார். குன்றுகளுக்கு நடுவே பரந்து கிடந்த நகரம் அங்கிருந்தும் முழுதாகக் கண்ணில் படவில்லை. தெரிந்த பகுதியே ரோம் அளவுக்கு இருப்பதாக எழுதிவைத்தார். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு அந்த நகரம் சூறையாடப்பட்டது, ஆட்கள் கலைந்து போனார்கள். ஆனால் பரப்பு குறையவில்லை. 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஹம்பியின் எல்லை ஏறக்குறைய 42 சதுர கிலோமீட்டர்.

குறைந்த செலவில் போகும் குழு முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்தப் பரப்பைத்தான். ஹம்பியில் நுழைவுக் கட்டணம் யாருக்கும் பாரமில்லை. பெரும்பாலான இடங்களுக்குக் கட்டணமே கிடையாது. சாப்பாடும் மலிவுதான். பணம் கரைவது ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயிலுக்குப் போகும் வண்டியில். எந்த இடத்தை எந்த இடத்தோடு சேர்த்துப் பார்ப்பது என்று ஊரிலேயே முடிவு செய்யாமல் கிளம்பும் குழு, ஒரே சாலையில் மூன்று முறை ஆட்டோவுக்குக் கொடுக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எத்தனை பேர்?

பெரும்பாலான குழுக்கள் ஆளைச் சேர்த்துவிட்டுத்தான் கணக்குப் போடுகின்றன. இதைத் தலைகீழாகச் செய்தால் தலைக்கு ஆகும் செலவு கண்கூடாகக் குறையும். ரயில் முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரைதான் சேர்க்க முடியும், தட்கலில் நான்கு பேர். ஆட்டோவில் சட்டப்படி மூன்று பேர். டெம்போ டிராவலர் வண்டியில் பன்னிரண்டு இருக்கைகள் என்பது வழக்கமான அளவு. விடுதி அறை இரண்டு பேருக்கு, கூடுதல் படுக்கை போட்டால் மூன்று பேருக்கு. இந்த எண்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு என்ற எண் எல்லாவற்றிலும் மீதியில்லாமல் வகுபடுகிறது. இரண்டு ரயில் டிக்கெட், ஒரு வேன், நான்கு அறை. பதின்மூன்றாவது ஆள் வந்தால் மூன்றாவது டிக்கெட், இன்னொரு அறை, கூடவே ஒரு ஆட்டோ. பத்துப் பேர் போனால் காலியாகக் கிடக்கும் இரண்டு இருக்கைக்கும் வேன்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். நெருங்கியவர் ஒருவரை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் தேதி குறிக்கும்போதே எண்ணையும் குறித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

செலவுப் பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் உதவும். பேருந்து, நுழைவுச்சீட்டு, பரிசல், சாப்பாடு ஆகியவை தலைக்கு இவ்வளவு என்று போகிறவை. எத்தனை பேர் போனாலும் இவற்றில் லாபமில்லை. வேன், அறை, வழிகாட்டி ஆகியவை மொத்தமாகப் போகிறவை. குழுவாகப் போவதன் பலன் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. தனியாகப் போகிறவர் எட்டிப் பார்க்கத் தயங்கும் வழிகாட்டியின் கட்டணம் பன்னிரண்டாகப் பிரிந்தால் ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசு.

ஹம்பிக்கு ரயில் நிலையம் கிடையாது. சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி ஹொசபேட்டையில் இறங்க வேண்டும். 2021-ல் பெல்லாரியிலிருந்து பிரிந்து உருவான விஜயநகர மாவட்டத்தின் தலைநகரமும் அதுதான். மைசூரிலிருந்து மாலையில் கிளம்பி, பெங்களூரை இரவில் தொட்டு, காலையில் ஹொசபேட்டை சேரும் ஹம்பி எக்ஸ்பிரஸ் குறைந்த செலவுப் பயணிக்கு ஒரு வரம். திரும்பும் வண்டியும் இரவு வண்டிதான். போக ஓர் இரவு, வர ஓர் இரவு ரயிலில் கழிந்துவிடுவதால், இரண்டு நாள் பயணத்தில் அறை வாடகை ஒரே ஓர் இரவுக்கு. சென்னை, கோவை, மதுரை எங்கிருந்து கிளம்பினாலும் பெங்களூரில் போய் இந்த வண்டியைப் பிடிக்கலாம். சென்னைக்காரர்களுக்கு மும்பைத் தடத்தில் குண்டக்கல் வரை போய் மாறுகிற வழியும் உண்டு. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. வார இறுதிக்கு இந்த வண்டியில் இடம் வேண்டுமானால் அந்த முதல் சில நாள்களைத் தவறவிடக் கூடாது. இரண்டு டிக்கெட்டையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒரே பெட்டியில் அமைய வாய்ப்பு அதிகம்.

ஹொசபேட்டையிலிருந்து ஹம்பிக்கு அரசுப் பேருந்து அடிக்கடி ஓடுகிறது. ஒரு தகவல்: கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் பெண்களுக்கான இலவசப் பயணம் அந்த மாநிலத்தவருக்கு மட்டும். நம் ஊர்ப் பெண்கள் டிக்கெட் எடுக்க வேண்டும்.

தங்குவது எங்கே? ஹொசபேட்டையில் லாட்ஜுகள் நிறைய, வயதானவர்கள் இருந்தால் அங்கே வசதி. ஆனால் அந்த ஒரே இரவை ஹம்பிக்குள்ளேயே, விரூபாட்சர் கோயிலை ஒட்டிய வீட்டு விடுதிகளில் கழிப்பதையே இந்தத் தொடர் பரிந்துரைக்கும். மதங்க மலை மேலிருந்து பார்க்கும் காலை வெளிச்சத்துக்குக் கட்டணம் இல்லை. பாதை தெரியும் அளவுக்கு விடிந்த பிறகு, எல்லோரும் சேர்ந்தே ஏற வேண்டும். ஹம்பிக்குள் மதுவும் அசைவமும் கிடையாது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். காலையில் அறைக்குள் விடும் நேரத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்வது அவசியம். இரண்டாம் நாள் காலையில் மூன்று அறையைக் காலி செய்துவிட்டு, மூட்டைகளுக்கும் மாலைக் குளியலுக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இனி ஊரைக் கூறுபோடுவது. ஆற்றங்கரையில் கோயில்கள், தெற்கே கமலாபுரத்துப் பக்கம் அரண்மனைப் பகுதி என்று நகரம் இயல்பாகவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் நாள் முழுவதும் நடை. விரூபாட்சர் கோயில், ஹேமகூடம், கடலைக்கல் கணபதி, கிருஷ்ணர் கோயில், 1528-ல் செதுக்கிய 6.7 மீட்டர் உயர நரசிம்மர் எல்லாம் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. விரூபாட்சர் கோயிலின் பின்புறத்து இருட்டறையில் சுவரில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே வரும் வெளிச்சத்தில் கோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. பள்ளிப் பிள்ளைகள் குழுவில் இருந்தால் ஒளியியல் பாடத்தை இங்கேயே முடித்துவிடலாம்.

இரண்டாம் நாள்தான் வேன். இதற்குக் காரணம் நுழைவுச்சீட்டு. இந்தியர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். விட்டலர் கோயிலில் வாங்கும் இந்தச் சீட்டு தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் இருக்கும் அந்தப்புர வளாகத்துக்கும், கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் அதே நாளில் செல்லும். பிரித்துப் போட்டால் மறுநாள் மறுபடி வாங்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் இரண்டாம் நாள் வெள்ளியாக அமையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே முற்றத்தில் ஹம்பி முழுவதையும் சிறிதாக்கி அமைத்த மாதிரி நிலப்பரப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நின்று பார்த்தால், தாங்கள் முதல் நாள் நடந்த பாதை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் விளங்கும்.

விட்டலர் கோயிலுக்குப் போவதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. ஹம்பிக் கடைவீதியிலிருந்து சாலை வழியே போனால் கமலாபுரம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆற்றோரப் பாதையிலோ சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். கோதண்டராமர் கோயிலைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே நடந்து, துலாபாரம் என்று சொல்லும் இரட்டைக் கல்தூணைக் கடந்தால் விட்டலர் வாசல். காலையில் குழு இந்தப் பாதையில் நடந்து வரட்டும், வேன் காலி வண்டியாகச் சுற்றி வந்து மறுபக்கம் கெஜ்ஜல மண்டபம் அருகே நிற்கட்டும். கோயில் வரை வண்டிகளை விடுவதில்லை, அங்கிருந்து பேட்டரி வண்டிதான். நடக்க முடியாத பெரியவர்கள் வேனிலேயே வந்து அதில் ஏறிக்கொள்ளலாம்.

எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், வழிகாட்டியில் பிடிக்கக் கூடாது. அனுமதி பெற்ற வழிகாட்டியை இரண்டாம் நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டாலும் போதும். ஹம்பியில் பார்வைக்குப் பெரிதாக நிற்பவை எவரும் சொல்லாமலே தெரியும், முக்கியமானவை பலவும் சொன்னால்தான் தெரியும். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல்ரதத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை இழுக்கும் யானைகளுக்குப் பின்னால் குதிரையின் பின்னங்காலும் வாலும் கல்லில் மிச்சமிருப்பதை யாராவது விரல் நீட்டிக் காட்ட வேண்டும். முதலில் இருந்தவை குதிரைகள், யானைகள் பிறகு வைக்கப்பட்டவை. 1856-ல் அலெக்ஸாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் ரதத்தின் மேல் செங்கல் விமானம் ஒன்றும் இருக்கிறது. இன்று அது இல்லை.

அரண்மனைப் பகுதியில் 1980-களில் தோண்டி எடுத்த படிக்குளமும் அப்படித்தான். கரும்பாளங்களை அடுக்கிக் கட்டிய அந்தக் குளத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் கற்களின் மேல் சிறிய குறிகள் தெரியும். எந்தத் திசையில், எந்த அடுக்கில் அந்தக் கல் உட்கார வேண்டும் என்று கல்தச்சர்கள் போட்டுவைத்த அடையாளங்கள் அவை. வேறிடத்தில் செதுக்கி, குறியிட்டு, இங்கே கொண்டுவந்து கோத்திருக்கிறார்கள். சாலையோரத்தில் போஜனசாலை என்று ஓர் இடம். நீர் ஓடும் வாய்க்காலின் இரு கரையிலும் கல்லிலேயே குடைந்த சாப்பாட்டுத் தட்டுகள், கறி வகைகளுக்குத் தனித்தனிக் குழியோடு, வரிசையாக இருக்கின்றன. கூட்டமாகப் போகிறவர்கள் அவசியம் நிற்க வேண்டிய இடம் இது. வேன் வேகத்தில் தவறிப்போகிற இடமும் இதுதான்.

தமிழ்க் குழுவுக்கு இங்கே அந்நியம் என்று எதுவும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் இங்கிருந்து புறப்பட்டு மதுரை சுல்தானகத்தை முடித்துவைத்த குமார கம்பணரின் படையெடுப்பை, அவர் மனைவி கங்காதேவி மதுரா விஜயம் என்று சமஸ்கிருதக் காவியமாகப் பாடினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதாவாக எழுதியவர் கிருஷ்ணதேவராயர். விட்டலர் கோயிலுக்குப் பக்கத்தில் திருமங்கையாழ்வாருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. மதுரையிலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ வரும் குழு இதை ரயிலிலேயே பேசிக்கொண்டு வந்தால், இறங்கும்போது ஊர் பாதி தெரிந்த ஊராகிவிடும்.

போகும் மாதத்தை நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் அந்தப் பாறைகள் வெயிலை உறிஞ்சி இரவிலும் கக்கும். வெயில் தாங்காமல் ஆட்டோவைத் தேடுவதும் செலவுதான். மழைக்காலத்தில் துங்கபத்ரா அணையின் மதகுகளைத் திறந்தால் ஆற்றங்கரையில் இருக்கும் புரந்தரதாசர் மண்டபம் மூழ்கிவிடும், பரிசலும் ஓடாது. அக்கரையில் இருக்கும் ஆனைகுந்திக்கு மூன்றாம் நாள் ஒதுக்குகிறவர்கள் இதை விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அங்கேதான் 575 படி கொண்ட அஞ்சனாத்ரி மலை. ஹம்பி உத்சவ நாள்களில் போனால் விளக்கொளியும் இசையும் கிடைக்கும், மலிவான அறை கிடைக்காது.

குழுவாகப் போகும்போது வரும் ஒரு தெம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 பிப்ரவரியில் இளைஞர்கள் சிலர் இங்கே ஒரு கோயில் தூணைத் தள்ளிச் சாய்க்கும் காட்சி நாடெங்கும் பரவியது. நான்கு பேர் கைதானார்கள். ஹொசபேட்டை நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் விதித்தது, சாய்த்த தூணை அவர்களையே தூக்கி நிறுத்தவும் வைத்தது. விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்கவும் தடை உண்டு. ஐந்நூறு ஆண்டு நின்ற கல்லின் முன்னால் பன்னிரண்டு பேரில் ஒருவர் விளையாடினாலும் மற்ற பதினொரு பேருக்கும் அதில் பொறுப்பு உண்டு. இதைக் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஹொசபேட்டையில் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் கேட்டு வாங்குங்கள். மாலைக்கு மிளகாய் பஜ்ஜியும் தாளித்த பொரியும். வட கர்நாடகத்து ருசியே அதுதான்.

கணக்கு ஒருவர் கையில் இருக்கட்டும், பணம் இன்னொருவர் கையில் இருக்கட்டும். கிளம்பும் முன்பே எல்லோரும் ஒரே தொகையைப் பொதுப் பையில் போட்டு, தலைக்கு ஆகும் செலவுகூட அதிலிருந்தே போவது நல்லது. பத்து ரூபாய்க்குப் பத்து முறை கை நீட்டுவது நட்புக்கே ஆகாது. சில்லறை நோட்டுகள் தாராளமாக இருக்கட்டும், பாறைகளுக்கு நடுவே அலைபேசி சிக்னலை நம்ப முடியாது. ஹொசபேட்டை நிலையத்தில் இரவு வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே கணக்கை வாசித்து மீதியைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பெங்களூரில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள்.

(அடுத்த வாரம்: தலைக்கோட்டையில் வென்ற சுல்தான்களில் ஒருவரின் தலைநகரமான பீஜப்பூர்)