ரோஜா நிறத்துக்குள் தங்கம்

தைபே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பீங்கான் கிண்ணங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் சீனப் பேரரசர்களுக்காகச் செய்தவை. வெள்ளைப் பீங்கான்மேல் ரோஜா நிறப் பூக்கள். இதழின் ஓரத்தில் அடர்ந்திருக்கும் நிறம், உள்ளே போகப்போக வெளுத்துக் கொண்டே போகும். அந்த நிறத்தைக் கொடுப்பது எது தெரியுமா? தங்கம்!

பளபளவென்று மஞ்சளாக மின்னும் தங்கம் எப்படி ரோஜா நிறமாகும்?

முதலில் கதையைப் பார்ப்போம். பீங்கான் செய்வதில் சீனர்களை மிஞ்ச அன்று ஆளில்லை. பச்சை, மஞ்சள், நீலம், செங்கல் சிவப்பு என்று பல வண்ணங்களில் அதன்மேல் படம் தீட்டினார்கள். ஆனால் மென்மையான ரோஜா நிறம் அவர்களிடம் இல்லை. அந்தச் சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து எனாமல் ஓவியம் தீட்டிய பொருள்கள் பெய்ஜிங்குக்கு வந்தன. எனாமல் என்பது நிறம் சேர்த்த கண்ணாடிப் பொடி. அதைக் குழைத்துத் தீட்டிச் சூளையில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். பேரரசர் காங்ஷி அதில் மனதைப் பறிகொடுத்தார். ஏற்கெனவே 1696-லேயே கிலியான் ஸ்டும்ப்ஃப் என்ற ஜெர்மன் பாதிரியார் அவருக்காகக் கண்ணாடிப் பட்டறை ஒன்றை அமைத்திருந்தார்.

எனாமல் தீட்டும்படி இத்தாலிய மதப்பணியாளர்கள் ரிப்பா, கஸ்டிலியோனே இருவருக்கும் உத்தரவு போனது. அவர்களுக்கு அந்த வேலை தெரியாது, கற்கவும் விருப்பமில்லை. வேண்டுமென்றே மோசமாகத் தீட்டினார்கள். ‘போதும்’ என்று பேரரசரே விட்டுவிட்டாராம். ரிப்பாவே இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் அரண்மனைப் பட்டறைக்காரர்கள் விடவில்லை. தெற்கே வெகுதொலைவில் இருக்கும் ஜிங்தெஜென் ஊரிலிருந்து படமில்லாத வெள்ளைக் கிண்ணங்களை வரவழைத்து, பெய்ஜிங்கில் தீட்டி, சிறு சூளைகளில் சுட்டார்கள். முதலில் ஐரோப்பிய வண்ணப்பொடியை நம்பியிருந்தவர்கள், 1728-இல் அடுத்த பேரரசர் யோங்ஜெங் காலத்தில் தாங்களே பல புதிய வண்ணங்களைத் தயாரித்துவிட்டார்கள். நிறத்தை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக மாற்றும் ஐரோப்பிய முறையைப் பிடித்துக்கொண்டு, வரைந்ததோ தங்கள் ஊர்ப் பிளம் பூவையும் பறவையையும். கண்ணில் பட்டதை அப்படியே நகலெடுக்காத இந்தத் துணிச்சல்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது தங்கத்துக்கு வருவோம். தங்கத்தை எந்தச் சாதாரண அமிலமும் கரைக்காது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜதிராவகத்தில் கரையும். அந்தக் கரைசலைத் துளியளவு கண்ணாடியில் சேர்த்து உருக்கி ஆறவிட்டால், கண்ணாடி கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் இருக்கும். மறுபடி சூடாக்கினால் சிவப்பு மெல்லத் தலைகாட்டும்! அந்தச் சூட்டில் சிதறிக்கிடந்த தங்க அணுக்கள் ஒன்றுகூடிக் குட்டித் துகள்களாகின்றன. எவ்வளவு குட்டி? உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே சில ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம்.

இத்தனை சிறிய துகள்மேல் ஒளி பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. பச்சை ஒளிதான் அந்த ஆட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதனால் பச்சையைத் துகள்கள் விழுங்கிவிட, மிச்சமிருக்கும் ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. சூளையில் சூடு மிஞ்சித் துகள்கள் பெருத்துவிட்டால் நிறம் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். சூளையின் சூட்டை அளக்கும் கருவி இல்லாத காலத்தில், தீயின் நிறத்தைப் பார்த்தே இதைச் சமாளித்தார்கள்.

சிவப்போடு ஆர்சனிக் சேர்ந்த வெள்ளை எனாமலைக் கலந்தால் ரோஜா நிறம் வரும். அந்த ஆர்சனிக்கும், எனாமலில் இருக்கும் ஈயமும் கொடிய நஞ்சு. அதை நாள்தோறும் அரைத்துக் குழைத்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. கிண்ணத்தின் அடியில் பேரரசரின் ஆட்சிப் பெயர் இருக்கிறது. தீட்டியவர் பெயர் இல்லை.

கொரோனா காலத்தில் வீட்டிலேயே செய்துபார்த்த பரிசோதனை அட்டை நினைவிருக்கிறதா? அவற்றில் பலவற்றில் தோன்றிய இளஞ்சிவப்புக் கோட்டுக்கு நிறம் கொடுத்ததும் இதே தங்கத் துகள்கள்தான்.