கத்திரி வெயிலும் டிக்கிப் பையும்

சாத்தூரைத் தாண்டிக் கோவில்பட்டி நோக்கிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மே மாதப் பகல் ஒன்றரை மணிக்கு ஒரு கார் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வயதான பாட்டி, இரண்டு குழந்தைகள். மெக்கானிக் வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதுவரை இவர்கள் எங்கே இருப்பார்கள்? கரிசல் காட்டில் நிழல் எளிதில் அகப்படாது. ஒரு காலத்தில் நம் நெடுஞ்சாலைகளின் இருபுறமும் நின்ற புளியமரங்கள், சாலைகளை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது பல இடங்களில் வெட்டப்பட்டுவிட்டன. நடுவில் வைத்திருக்கும் அரளி யாருக்கும் நிழல் தராது.

மார்கழியில் கார் நின்றால் அது எரிச்சல், கால தாமதம், அவ்வளவுதான். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் நின்றால், ஒரு மணி நேரத்துக்குள் அது உடல்நலப் பிரச்சினையாகிவிடும். ஆகவே கோடைக்கான அவசரப் பையில் முதல் இடம் வண்டிக்கல்ல, அதில் வருபவர்களுக்கு. கடைகளில் விற்கும் ‘எமர்ஜென்சி கிட்’ பெட்டிகள் பெரும்பாலும் ஸ்பேனரோடும் கயிறோடும் முடிந்துவிடுகின்றன. தண்ணீர் அதில் இருக்காது.

பையை நிரப்புவதற்கு முன், அது எங்கே வாழப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சூரிய ஒளி கண்ணாடி வழியே தடையின்றி உள்ளே வந்து இருக்கைகளையும் டேஷ்போர்டையும் சூடாக்குகிறது. சூடான அந்தப் பரப்புகள் உமிழும் அகச்சிவப்புக் கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி வெளியே போக முடிவதில்லை. உள்ளே சூடேறிய காற்றுக்கும் வெளியேற வழியில்லை. 2005இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகளின்படி, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. குழந்தையைக் காரில் விட்டுவிட்டு ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று கடைக்குப் போவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஓர் ஆய்வே போதும்.

இதே வெப்பம்தான் அவசரப் பையையும் தாக்குகிறது. ரப்பர் சொல்யூஷன் ட்யூபுக்குள்ளேயே காய்ந்துபோகும். பிளாஸ்திரியின் பசை இளகி வழியும். டார்ச்சுக்குள் போட்டு வைத்த செல் கசிந்து தகடுகளை அரித்துவிடும். ஆபத்து வேளையில் திறந்து பார்க்கும்போது பாதிப் பொருள்கள் செத்திருக்கும். அதனால் நான் இரண்டு பைகளாகப் பிரிக்கச் சொல்வேன். வெப்பத்தைத் தாங்குபவை டிக்கியிலேயே கிடக்கட்டும். தாங்காதவை வீட்டிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் நம்மோடு வந்து, நம்மோடு இறங்கட்டும்.

வந்துபோகும் பையில் முதலாவது குடிநீர். நாற்பது டிகிரி வெயிலில் ஸ்டெப்னி மாற்றுகிற ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். நபருக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிட்டு, எவர்சில்வர் பாட்டில்களிலோ தெர்மோ குடுவையிலோ எடுத்துக்கொள்வது நல்லது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களை வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைத்துக் குடிப்பதை நான் ஏற்கமாட்டேன். சூடேறும்போது பிளாஸ்டிக்கிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் வேதிப்பொருள்களின் அளவு கூடுகிறது.

வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் தண்ணீர் மட்டும் போதாது. அதற்குத்தான் ஓஆர்எஸ் பொட்டலம். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். குடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொள்கிறது, அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. அளவு பிசகினால் இந்த வேலை நடக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு பொட்டலம் 20.5 கிராம், அதை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்புப் போட்ட நீர்மோர் வீட்டிலிருந்து கொண்டுபோனால் இன்னும் நல்லது, அதைக் காலையிலேயே குடித்து முடித்துவிட வேண்டும். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களை இதற்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

குடிநீரைத் தவிர இரண்டு பருத்தித் துண்டுகளும் ஒரு ஸ்பிரே பாட்டிலும் வேண்டும். ஒரு லிட்டர் நீர் தோல்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஈரத் துண்டால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கைத் துடைத்து விசிறினால் அதே வேலை நடக்கும். தூத்துக்குடி, சென்னை மாதிரியான கடலோரங்களில் காற்றில் ஏற்கனவே ஈரம் இருப்பதால் ஆவியாவது மெதுவாகும். அங்கே விசிறி கட்டாயம். உடன் வந்தவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடல் அனலாகச் சுட்டால் அது வெப்ப வாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் புகட்டவே கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும்.

நிழலையும் கையோடு கொண்டுபோகலாம். இரண்டு பெரிய குடைகள், ஒரு வெளிர்நிறத் தார்ப்பாய், நான்கு துண்டுக் கயிறு. மூன்றும் வெப்பத்துக்கு அசையாதவை, டிக்கியிலேயே கிடக்கலாம். தடுப்புக் கம்பிக்கு அப்பால், வண்டிகள் வராத பக்கத்தில் தார்ப்பாயைக் கட்டி எல்லோரையும் உட்கார வைப்பது, நின்ற காருக்குள் உட்கார வைப்பதைவிடப் பாதுகாப்பு.

இனி வண்டி. கோடையில் நம்மைப் பெரிதும் நிறுத்துவது எஞ்சின் ஹீட் ஆவதுதான். எரியும் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை, வெப்பமாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பங்கை எஞ்சினிலிருந்து சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போவது கூலன்ட். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி உள்ளே சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால்தான் சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பவரின் முகம் வெந்துபோகிறது. அழுத்தம் சட்டென்று விழுந்ததும் அதுவரை கொதிக்காமல் இருந்த திரவம் ஒரே நொடியில் கொதித்துப் பீறிட்டு எழும். துணியைப் போட்டுத் திறந்தாலும் ஆபத்து ஆபத்துதான். எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து வைத்து, அரை மணிக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வந்த பிறகே மூடியைத் தொட வேண்டும்.

முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கும்போதே ஒரு வழி இருக்கிறது. ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுவிடுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று உடன் வருபவர்கள் கேட்பார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் உண்மையில் இன்னொரு சிறிய ரேடியேட்டர். கூலன்ட்டின் சூட்டில் கொஞ்சத்தை அது காருக்குள் இறக்கிவிடும். சாலையோரம் பாதுகாப்பாக ஒதுங்கும் வரை எஞ்சினைக் காப்பாற்ற அது உதவும். ஏற்கனவே ஆவி கிளம்பிவிட்டால் இதற்கெல்லாம் நேரமில்லை, உடனே அணைக்க வேண்டும்.

ஆகவே டிக்கியில் ஒரு லிட்டர் கலந்த கூலன்ட் கேன் வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காமல், வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே வாங்க வேண்டும். அதோடு இரண்டு லிட்டர் சாதாரணத் தண்ணீர், குடிநீரோடு குழம்பாதபடி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி. அவசரத்துக்குத் தண்ணீரை ஊற்றி மெக்கானிக்கிடம் போய்ச் சேரலாம், பிறகு அவர் மாற்றிக்கொடுப்பார். சூடாக இருக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடும் என்பதையும் மறக்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாமலும், சிந்தினால் தெருநாய் நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டயரில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் பெட்ரோல் பங்கில் காற்றைப் பார்த்து, ‘ஏறிக் கிடக்கிறது’ என்று இறக்கிவிடுகிறார்கள். 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்காற்று 60 டிகிரிக்குச் சூடானதும் 38 காட்டுவது இயல்பு. அப்போது 33க்கு இறக்கினால், குளிர்ந்ததும் அது 29க்கு விழுந்துவிடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கலே வெப்பம், வெப்பம் ரப்பரையும் நூலிழைகளையும் தளர்த்துகிறது, கடைசியில் வெடிக்கிறது. கோடையில் டயர் வெடிப்பதற்குக் காற்று மிகுந்ததைவிடக் காற்றுக் குறைந்ததே பெரிய காரணம். விடியற்காலையில், வண்டி எடுக்கும் முன், வீட்டு வாசலிலேயே அளக்க வேண்டும். அதற்கு ஒரு காற்றழுத்தமானி, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஏர் பம்ப், ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் மூன்றும் பையில் சேரும். 2020இல் வந்த விதித்திருத்தத்தின்படி, டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் கொடுத்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா, இருந்தால் அதில் காற்று இருக்கிறதா என்று இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். டயர் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், ‘1822’ என்றால் 2022ஆம் ஆண்டின் 18ஆம் வாரம் செய்தது.

பேட்டரி குளிரில்தான் படுக்கும் என்பது பனி பெய்யும் ஊர்க்காரர்கள் சொல்வது. நம் ஊரில் அதைக் கொல்வது வெயில். வெப்பம் ஏற ஏற உள்ளே தகடுகள் அரிப்பதும் நீர் ஆவியாவதும் வேகமாகின்றன. செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக்’ என்றால் ஜம்பர் கேபிள் வேண்டும். மலிவான கேபிள்களில் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய கம்பிதான் இருக்கும். நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும்போது அது உருகிவிடும். தடிமனான செம்புக் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு முனைகளை இரு பேட்டரிகளின் பாசிட்டிவில் மாட்டி, கறுப்பின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையைப் படுத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியிலும் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம் என்பதால் கடைசிப் பொறி அதனருகே பறக்கக் கூடாது.

சிவப்பு எதிரொளிப்பு முக்கோணம் காரோடு வந்திருக்கும், பலர் அதை உறையிலிருந்தே எடுத்திருக்கமாட்டார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, பிரேக்கை மிதித்து, நிற்பதற்குள் தொண்ணூறு மீட்டர் போய்விடும். ஆகையால் நான்குவழிச் சாலையில் முக்கோணத்தை நூறு மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். காருக்குப் பின் பத்தடியில் வைப்பதால் பயனில்லை. அதை வைக்கப் போகிறவருக்கு எதிரொளிக்கும் மேலாடை. டார்ச்சுக்கு செல்களைத் தனியே ஓர் உறையில் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033ஐ அழைத்தால் ரோந்து வண்டியும் இழுவை வண்டியும் கேட்கலாம். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் விரைவில் வந்துசேர்வார்கள்.

டிக்கியில் வைக்கவே கூடாதவையும் உண்டு. பாடி ஸ்பிரே, சிகரெட் லைட்டர், பவர் பேங்க் மூன்றும் அடைத்து வைத்த அழுத்தமோ ஆற்றலோ கொண்டவை. வெயிலில் வெடிக்கவும் தீப்பற்றவும் வாய்ப்புண்டு. பவர் பேங்க் கைப்பையில் நம்மோடு இறங்க வேண்டும். மருந்துகளும் அப்படியே. பெரும்பாலான மாத்திரைகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்கள். இன்சுலின் போடுபவர் உடன் வந்தால் அதற்கென ஒரு குளிர்ப்பை வேண்டும். பனிக்கட்டி மருந்தை நேரே தொடாதபடி துணியில் சுற்றி, வழியில் சாப்பிட இறங்கினாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்று முன் இருக்கைக்கு அடியில், ஓட்டுநர் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பானட்டுக்குள் புகை கண்டால் முதலில் எல்லோரையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். பானட்டை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். சற்றே நெகிழ்த்தி இடுக்கு வழியே அடிக்க வேண்டும். தீ பெரிதாகிவிட்டால் அடிக்கவே வேண்டாம், விலகிவிடுங்கள். இருக்கைப் பட்டையை அறுக்கவும் கண்ணாடியை உடைக்கவும் ஒரு சிறு சுத்தியல் கிடைக்கிறது. அது பக்கக் கண்ணாடிக்குத்தான். முன் கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, அடித்தாலும் திறக்காது. இந்தச் சுத்தியலையும் டிக்கியில் போடாமல் கதவுப் பையில் வையுங்கள்.

பங்குனி பிறந்ததும் ஒருமுறை இரண்டு பைகளையும் தரையில் கொட்டிப் பார்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஓஆர்எஸ் பொட்டலத்தின் தேதி, ரப்பர் சொல்யூஷன், தீயணைப்பான் முள் பச்சையில் நிற்கிறதா, ஜாக்கியின் திருகு சுழல்கிறதா என்று பார்ப்போம். அப்போதே வீட்டிலுள்ள எல்லோரும், கார் ஓட்டாதவர்கள் உட்பட, ஒருமுறை பம்பை மாட்டிக் காற்றடித்தும் முக்கோணத்தை விரித்தும் பழகிக்கொள்கிறார்கள். மயங்கி விழுகிறவர் ஓட்டுநராகவும் இருக்கலாம்.