கீற்று மறைப்புக்கு மேலே ஒரு கண்

கோயில் திருவிழா என்றால் இப்போது ட்ரோன் இல்லாமல் நடப்பதில்லை. ஊர்த் தெருவில் தேரைப் படமெடுக்கக் கிளம்புவது, சற்று நேரத்தில் நம் தெருப் பக்கமும் திரும்பும். நம் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு இன்னும் குளியலறை என்பது நான்கு கம்பும் கீற்றுத் தட்டியும்தான். மேலே கூரை கிடையாது. தட்டி தெருவில் போகிறவரை மறைக்கும், வானத்தில் நிற்பதை மறைக்காது. உள்ளே இருக்கும் பெண் இரைச்சல் கேட்டுச் சேலையை அள்ளிப் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

“எங்க வீட்டுக்கு மேலே பறக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?” என்று கேட்டால், சட்டத்தின் பதில் ஏமாற்றமே தரும். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. கீழே இருப்பது யாருடைய பட்டா என்று அந்த விதிகள் கேட்பதில்லை. நியாயமான உயரத்தில் பறந்ததற்காக மட்டும் அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்று 1934 விமானச் சட்டமே சொல்லிவைத்தது.

ஆனால் பறப்பது வேறு, எட்டிப் பார்ப்பது வேறு. பெண் தனிமையில் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. படம் வாட்ஸ்அப்பில் பரவியிருக்க வேண்டும் என்பதில்லை.

பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே பிற சாதிக்காரர் இதைச் செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(va) பிரிவும் சேரும். “சாதி தெரியாது” என்ற வாதம் உள்ளூரில் எளிதில் எடுபடாது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவருக்குச் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும்.

இளைஞர்களுக்கு ஒன்று: கோபத்தில் கல்லெறிந்து ட்ரோனை உடைத்துவிடாதீர்கள். பிறகு வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும். அது நிற்கும் இடத்தைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். நேரம், ரிமோட் யார் கையில், பதிவு எண் உண்டா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவில்லாமல் பறக்கவிடுவதும் விதிமீறல்தான்.

“விசாரித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம்” என்று காவல் நிலையத்தில் சொன்னால், வன்கொடுமைச் சட்டத்தின் 18-ஏ பிரிவை எடுத்துக் காட்டுங்கள். இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. அப்படியும் புகாரை வாங்க மறுத்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.