மாடிப்படி துடைப்பவருக்கு பி.பி., வராதா?

கோவையில், தனியார் கம்பெனி ஒன்றில், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனியில் ஆண்டுதோறும், 'ஆரோக்கிய வாரம்' நடத்துவர். ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, யோகா வகுப்பு, கூடவே நடைப் போட்டி. மொபைல் போன் கணக்குப்படி யார் அதிகம் நடக்கிறாரோ, அவருக்கு குக்கர் பரிசு.

சென்ற ஆண்டு பரிசு வாங்கியவர், எங்கள் மேலாளர். ஒரே நாளில், 12 ஆயிரம் அடி நடந்தாராம். எல்லாரும் கை தட்டினோம். எனக்கென்னவோ, காலை 6:00 மணியிலிருந்து மூன்று மாடியையும் பெருக்கித் துடைக்கும் அக்காவின் ஞாபகம் வந்தது. மறுநாள் விளையாட்டாக, என் போனை அவர் இடுப்பில் செருகி விட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள், 13 ஆயிரத்தைத் தாண்டி விட்டது!

'அப்ப குக்கர் எனக்குத்தானுங்களே...' என்று சிரித்தார்.

'டெஸ்ட் எடுத்துட்டீங்களாக்கா?' என்று கேட்டேன்.

'நமக்கெல்லாம் இல்லீங்க மேடம். காண்ட்ராக்ட் ஆளுங்க அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிப்போட்டாரு...'

ஏ.சி., அறையில் முதுகை நேராக வைத்து உட்காருவது எப்படி என்று எங்களுக்குப் பாடம் நடந்தபோது, கதவுக்கு வெளியே இவர் குனிந்து துடைத்துக் கொண்டிருந்திருக்கிறார். இவர்களுக்கான கழிப்பறை, கார் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. போய் வர நேரமாகி விடும் என்று, வேலை முடியும் வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். இத்தனை வருடம் கூடவே இருந்தும், எனக்கு இது தெரியாது என்பதுதான் வெட்கம்.

முகாமின் கடைசி நாள், சாமான்களை எடுத்து வைத்துக் கொண்டிருந்த நர்சிடம் கெஞ்சி, அக்காவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வைத்தேன். 170/110! நர்ஸ் முகமே மாறி விட்டது.

'தலைவலிச்சா ஒரு டீ குடிச்சா செரியாப் போயிரும்னு இருந்தேனுங்க...' என்றார், அக்கா.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே என்பது அவர் பயம். 'சம்பளத்துல இ.எஸ்.ஐ.,ன்னு பிடிக்கறாங்க, கார்டு ஒண்ணும் தரலீங்க...' என்றார். கணக்குப் பார்ப்பவளாயிற்றே, விடுவேனா? மாதம், 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் இ.எஸ்.ஐ., உண்டு. அக்கா வாங்கும், 9,600 ரூபாயில், அவர் பங்கு, 72 ரூபாய். முதலாளி தரப்பு பங்கு, 312 ரூபாய். வைத்தியம் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். உரிய நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் விடுப்புக்கு, ஆண்டுக்கு, 91 நாள் வரை, 70 சதவீத சம்பளமும் கிடைக்கும்.

நாலு முறை கேட்ட பிறகுதான், சூப்பர்வைசர், இன்ஷ்யூரன்ஸ் எண்ணைக் கொடுத்தார். இப்போது இ.எஸ்.ஐ., டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார், அக்கா.

சகோதரிகளே... உங்கள் வீட்டில் யாராவது துப்புரவு, செக்யூரிட்டி வேலைக்குப் போனால், அந்த எண்ணை முதலில் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஆண்டு ஆரோக்கிய வார நோட்டீஸ், போன திங்களன்று ஒட்டப்பட்டது. அடியில், 'நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்' என்ற அதே வரி. அதை எடுக்கச் சொல்லி, மனு எழுதியிருக்கிறேன். இதுவரை, 11 பேர் கையெழுத்துப் போட்டிருக்கின்றனர். குக்கர் வாங்கிய மேலாளர், 'யோசிச்சு சொல்றேம்மா' என்றிருக்கிறார்.

— ஒரு வாசகி, கோவை.