புது இதயச் செல் முளைக்குமா?

கை வெட்டுப்பட்டால் கொஞ்ச நாளில் புதுத்தோல் வந்துவிடும். இதயம் அப்படி இல்லை தோழிகளே! வருஷத்துக்கு நூற்றில் ஒரு செல் புதிதாக வந்தாலே அதிகம். ஹார்ட் அட்டாக்கில் செத்த இடம் தழும்பாகிவிடும். தழும்பு துடிக்காது.

ஸ்டெம் செல் என்றால் என்ன?

தமிழில் குருத்தணு. எந்த வேலைக்கும் இன்னும் போகாத செல் இது. தோலாகவும் ஆகும், இதயமாகவும் ஆகும். 2006-ல் ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாகா, எலியின் தோல் செல்லில் 4 மரபணுக்களைச் செலுத்தி அதைக் குருத்தணு மாதிரி மாற்றினார். 2007-ல் மனிதச் செல்லிலும் செய்தார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். நம் வேலூர் சி.எம்.சி.யின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்திலும் இவ்வகைச் செல்களை உருவாக்குகிறார்கள்.

இதயத் தசை ஆவது எப்படி?

குருத்தணுவுக்குச் சில வேதிப்பொருள்களை நாள் கணக்குப் பார்த்துக் கொடுத்தால், சுமார் 2 வாரத்தில் இதயச் செல்லாகிக் கண்ணாடித் தட்டிலேயே துடிக்கும்! ஆனால் தசை கனமானால் உள்ளே இருக்கிற செல் செத்துவிடும். ஏனென்றால் ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் 0.2 மில்லிமீட்டர் தூரம்தான் போகும். ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வாய்க்கால் இல்லாவிட்டால் நம்ம கடைமடை வயல் காய்ந்துதானே போகும்? அதனால்தான் ரத்தக் குழாய்ச் செல்லையும் சேர்த்து வளர்க்கிறார்கள்.

மனிதருக்கு வைத்தார்களா?

2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழக டாக்டர் யோஷிகி சாவா குழுவினர், இப்படி வளர்த்த மெல்லிய தசைத் தாளை ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் வைத்ததாக அறிவித்தார்கள். அது ஆராய்ச்சிக்காகச் செய்தது. இதில் ஆபத்தும் உண்டு. மாறாத குருத்தணு மிச்சம் இருந்தால் கட்டி வரலாம். புதுச் செல் தனித் தாளத்தில் துடித்தால் இதயத் துடிப்பே தப்பிப் போகலாம்.

இதை ஏன் எழுதுகிறேன்?

அட்டாக் வந்த பிறகு எங்க அப்பாயிக்கு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குது. "ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடும், சில லட்சம் ஆகும்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். வீட்டில் நகையை அடகு வைக்கப் பேசினார்கள். பிறகு டாக்டரிடம் கேட்டோம், வேண்டாம் என்றார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 விதிமுறைப்படி, ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. வேலூரில் இதை 1986 முதல் செய்கிறார்கள். இதய நோய்க்கு ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியில் மட்டுமே தரலாம். அதில் சேருபவரிடம் காசு வாங்கக் கூடாது.

ஆகவே யாராவது லட்சம் கேட்டால் இரண்டே கேள்வி கேளுங்கள்:

1. இந்த ஆராய்ச்சி அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா?
2. ஆராய்ச்சி என்றால் எங்களிடம் காசு எதற்கு?

அறிவோம்! பிறருக்கும் சொல்வோம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி