கணினி யாரை நம்புகிறது?

வாணிகத்திற்கு முதல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது நம்பிக்கை. ஏலமலைச் சரிவுகளில் விளையும் காய், போடிநாயக்கனூரில் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் விலை காண்கிறது. வாங்குவோர் மாதிரிக் காயின் பருமனையும் பசுமையையும் நோக்கிக் கணினி வழியே விலை கேட்கின்றனர். விளைவித்தவரை அவர்கள் நேரில் அறிந்திருப்பதில்லை. எனினும் ஏலம் நடத்துபவர் வாரியத்தின் உரிமம் பெற்றவர். அவ்வுரிமத்திற்கு 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, சந்தை விதிகள் அடிப்படையாக உள்ளன. வாரியத்தை நம்புவதால் ஏலதாரரையும், அவரை நம்புவதால் முன்பின் அறியாத விளைவிப்போரையும் வாங்குவோர் நம்புகின்றனர். இணையத்தில் வங்கியோடு தொடர்பு கொள்ளும் கணினியும் இம்முறையையே பின்பற்றுகிறது. அதனை ஈண்டு விளக்குவோம்.

சான்றிதழ் என்பது யாது?

வங்கியின் இணையதளத்தைத் திறந்தவுடன், அத்தளம் தன் சான்றிதழைக் கணினிக்குக் காட்டுகிறது. தளத்தின் பெயர், அதன் பொதுத் திறவுகோல், செல்லுபடியாகும் காலம், சான்றளித்த நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் ஆகியவை அதில் அடங்கும். அக்கையொப்பம் பெரும்பாலும் ஓர் இடைநிலை நிறுவனத்தினுடையதாக இருக்கும். அவ்விடைநிலைக்கு அதன் மேலுள்ள வேர் நிறுவனம் சான்றளித்திருக்கும். வேருக்கு மேலே சான்றளிப்பார் எவருமிலர். ஆகவே, நம்பத்தக்க வேர் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று முன்னதாகவே மென்பொருளில் வைக்கப்பட்டுள்ளது. இதுவே நம்பகப் பட்டியல்.

ஒன்றை மறத்தலாகாது. சான்றிதழ் தளத்தின் பெயரை உறுதி செய்யுமேயன்றி, அதனை நடத்துவோரின் நேர்மையை உறுதி செய்யாது. ஏலதாரரின் உரிமம் மூட்டைக்குள் இருக்கும் காயின் தரத்திற்குப் பிணையாகாதது போன்றதே இதுவும். காயை வாங்குவோர்தாம் பார்த்தல் வேண்டும்.

2014 உணர்த்திய பாடம்

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கக் கட்டுப்பாட்டாளர் ஒருவரை ஏற்படுத்தியது. அவ்வேரின் கீழ் தேசியத் தகவலியல் மையமும் சான்றிதழ் வழங்கி வந்தது. 2014 ஜூலை 2ஆம் நாள், கூகுளின் தளப்பெயர்கள் சிலவற்றுக்கு அம்மையத்தின் வழியே முறையற்ற சான்றிதழ்கள் பிறந்திருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. அவற்றைக் கைக்கொண்ட ஒருவன், இணைப்பின் இடையே புகுந்து தானே கூகுள் என்று கணினியை நம்ப வைத்தல் இயலும். கட்டுப்பாட்டாளர் மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை விலக்கினார். சான்றிதழ் வழங்கும் முறைக்குள் பிறர் ஊடுருவியதும், கூகுள் பெயரில் மூன்றும் யாகூ பெயரில் ஒன்றுமாக நான்கு சான்றிதழ்கள் வழங்கப்பட்டதும் விசாரணையில் கூறப்பட்டன. அந்நான்கினும் வேறானவையும் உள்ளன என்று கூகுள் அறிவித்தது.

விண்டோஸ் தன் பட்டியலில் இந்திய வேரைக் கொண்டிருந்தமையால், அப்பட்டியலைச் சார்ந்திருந்த உலாவிகள் இடருக்கு உள்ளாயின. பயர்பாக்ஸ் உலாவி தனக்கெனத் தனிப்பட்டியல் உடையது. அதில் அவ்வேர் இல்லை. ஆதலின் அது தப்பியது. பின்னர்க் குரோம் உலாவி, இந்திய வேரின் சான்றினை அரசு, கல்வி முதலிய சில தளப்பெயர்களுக்கு மட்டுமே ஏற்பதென வரையறுத்தது. சட்டம் தரும் உரிமம் வேறு, மென்பொருள் தரும் நம்பிக்கை வேறு என்பது இதனால் தெளிவாகிறது. பட்டியலில் உள்ள ஒரு நிறுவனம் வழுவினாலும், எந்தத் தளத்தின் பெயராலும் பொய்ச் சான்று பிறக்கக்கூடும். அங்ஙனமாயின், அப்பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பது சிறு செய்தியன்று.

பட்டியலை அமைக்கும் முறை

கல்லூரியோ வணிக நிலையமோ தன் உள் வலையமைப்புக்கெனத் தானே ஒரு வேர்ச் சான்றிதழை உருவாக்கிக்கொள்வது உண்டு. அவ்வேர் பொதுப் பட்டியலில் இராது. எனவே மென்பொருள் எச்சரிக்கை தந்து இணைப்பை மறுக்கும். அவ்வேளையில் பலர் எளிய வழி தேடிச் சரிபார்ப்பையே நிறுத்தி விடுகின்றனர். எச்சரிக்கை மறைகிறது. ஆனால் அன்று முதல் எவர் எச்சான்றிதழைக் காட்டினும் அம்மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். பூட்டு இறுகியிருக்கிறது என்று கதவையே கழற்றி வைப்பதற்கு இஃது ஒப்பாகும்.

செய்யத்தக்கது வேறு. தேவையான அந்த ஒரு வேரை மட்டும் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். சேர்க்குமுன் அதன் விரல்ரேகை எனப்படும் சுருக்க எண்ணை, வழங்கியவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேட்டு ஒப்பிடுதல் வேண்டும். சான்றிதழ் வந்த வழியிலேயே அவ்வெண்ணையும் பெறுதல் பயன் தராது. இடையில் நின்றவன் இரண்டையும் மாற்றியிருக்கக் கூடும். டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களில் சான்றிதழ்க் கோப்பை அதற்குரிய அடைவில் வைத்து, 'அப்டேட்-சிஏ-சர்ட்டிபிகேட்ஸ்' என்னும் கட்டளையை இயக்கினால் அது பட்டியலில் இடம்பெறும். எனினும் ஜாவா போன்றவை தமக்கெனத் தனிப்பட்டியல் வைத்துக்கொள்வது உண்டு. இயங்குதளத்தில் சேர்த்த பின்னரும் ஒரு மென்பொருள் மறுக்குமாயின், முதலில் ஆராய வேண்டியது இதனையே.

எச்சரிக்கைக்குப் பிற காரணங்களும் உள. கணினியின் நாட்காட்டி பிழையாக இருக்கலாம், வழங்கி இடைநிலைச் சான்றிதழை அனுப்பாது விட்டிருக்கலாம், பட்டியலே பழையதாகியிருக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று, பல தளங்கள் சார்ந்திருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. அன்று புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, நேர்மையான தளங்களையும் ஏற்க மறுத்தன. ஆதலின் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் நம்பகப் பட்டியலைப் பேணுதலும் ஆகும்.

முடிவுரை

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்துதெளிதல்'. ஆராய்தல் முன்னது, நம்புதல் பின்னது என்னும் வரிசை அப்பெயரிலேயே அமைந்துள்ளது. கணினியோ, நாம் நம்பு என்றவரை நம்புகிறது. ஆராயும் பொறுப்பு நம்முடையது. தோட்டக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் இன்று இல்லத்தின் இளைஞர்களிடம் ஒப்படைக்கும் பெரியோர் பலர். அவ்விளைஞர்கள் எச்சரிக்கையைக் கண்டதும் அதனை அணைக்க முற்படாது, காரணம் யாதென வினவுவார்களாக. பெரியோர் ஈட்டிய பொருளுக்கு அவ்வினாவே முதற்காவல்.