கையுறைக்குள் மாவு

ரப்பர்க் கையுறையை உதறும்போது வெண்தூள் பறப்பதைக் கண்டதுண்டா? மக்காச்சோள மாவுதான் அது! ரப்பருக்கும் தோலுக்கும் இடையே உராய்வு அதிகம். அதைக் குறைக்கவே மாவு. முன்பு டால்க் தூவினார்கள். அது புண்ணில் கரையாமல் தங்கிச் சிறு கட்டிகளை உண்டாக்கியது. மாவை உடல் உறிஞ்சிவிடும் என்று நம்பி, 1940-களில் மாறினார்கள். ஆனால் புண்ணுக்கு மாவும் அந்நியப் பொருளே. அழற்சி தோன்றும், ஆறுவது தாமதமாகும். கையுறையைக் கழுவினாலும் முழுதும் போகாது.

இன்னொன்று பாருங்கள். ரப்பர்ப் பாலின் புரதம் மாவுத்துகளில் ஒட்டிக்கொள்ளும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே உள்ள துகள், காற்றின் தடையால் ஆளுயரத்திலிருந்து தரைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் சுவாசித்தவர்களில் சிலருக்கு ஒவ்வாமையால் மூச்சுத்திணறல்!

2017 ஜனவரியில் அமெரிக்கா மாவிட்ட மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்தது. மாவில்லாக் கையுறைகள் வழுக்குவது எப்படி? குளோரின் கலந்த நீரில் கழுவுகிறார்கள். அல்லது உட்புறம் பாலிமர் பூசுகிறார்கள்.